ஸ்டிக்கருக்கு விட்ட இடம்

மணப்பாடு
4 ஜனவரி 2025

அன்புள்ள ஐரின்,

"போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்பீர்கள், இனி எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி, எழுத்தில் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கட்டின மனைவிக்கு, அதுவும் மதுரையில் இருப்பவளுக்கு, தபாலில் எழுதுகிறேன் என்றால் ஊர் சிரிக்கும்.

நீ பையைத் தூக்கிக்கொண்டு அவனியாபுரம் போய் நாலு மாதம் ஆகிறது. ஒரு வீடியோவில் ஏதோ வாய்தவறிச் சொன்னதற்கு இவ்வளவு நாளா? கேமராக்காரன் கேட்டான், "இந்த சர்ஃப்போர்டெல்லாம் நீங்களே செய்றதா சார்" என்று. ஆமாம் என்றேன். நம் பலகைதானே. நீ செய்தால் என்ன, நான் செய்தால் என்ன?

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 8, 9 தேதிகளில் இங்கே, நம் கரையிலேயே சர்ஃபிங் போட்டி. நாற்பது தாண்டியவர்களுக்கு லாங்போர்டு பிரிவு தனியாக இருக்கிறது. தான் செய்த பலகையில் தானே ஏறுகிறவர்களை மேடையில் அறிமுகம் செய்வார்களாம். அந்தப் பட்டியலில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள். மறுக்க நேரம் கிடைக்கவில்லை.

எனக்கு ஒன்பது அடியில் ஒரு பலகை வேண்டும். லேசாக, ஒடுக்கமாக இருக்கட்டும். என் ஸ்டைல் உனக்குத் தெரியும். அலை ஓடும்போதே பலகையின் மூக்குவரை நடந்துபோய், பத்துக் கால்விரலையும் முன்னால் தொங்கவிட்டு நிற்பேன். அளவுக்காக என் பழைய பலகையைப் பார்சல் லாரியில் போட்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு சாண் இடம் காலியாக விடு. "பெர்சி, கையால் செய்தது" என்று ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன்.

உன்
பெர்சி


அவனியாபுரம்
12 ஜனவரி 2025

பெர்சி அவர்களுக்கு,

பலகை வந்தது. ஜல்லிக்கட்டுக்காக இங்கே ரோட்டையெல்லாம் அடைத்துக் கொண்டிருக்கிறார்கள். லாரி உள்ளே வர முடியாமல், பட்டறையிலிருந்து நல்லகாமண்ணன் பைபாஸ் வரை நடந்துபோய்த் தலையில் வைத்துச் சுமந்து வந்தார்.

வாய்தவறிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வீடியோவை ஆறு தடவை பார்த்தேன். என் இழைப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் முக்கால்வாசி முடித்துவைத்த பலகைமேல் அதை ஓட்டிக் காட்டினீர்கள். வாய் தவறலாம், கையுமா தவறும்? இழைப்புளியைப் பின்பக்கம் முன்னாகப் பிடித்திருந்தீர்கள் என்பதாவது இதுவரை யாராவது சொன்னார்களா?

அன்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்றும் ஞாபகம் இருக்கிறது. "அவனியாபுரத்துக்காரி, நீச்சல்கூடத் தெரியாது, நீ செஞ்சதுன்னு சொன்னா எவன் வாங்குவான்?" என்றீர்கள். நான் பை எடுத்துக் கிளம்பினேன். நீங்கள் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. வாசல்வரை வந்து "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். எழவே இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாதுதான். ஏழு வருஷம் உங்கள் கரையில் உட்கார்ந்து, யார் எந்தக் காலை முன்னால் வைக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். அதற்கு முன்னால் அப்பாவிடம், இதே பட்டறையில், தண்ணீர்த் தொட்டிக்கும் மாதா சொரூபத்துக்கும் ஃபைபர் ஒட்டக் கற்றேன். உடைந்த பலகையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து "அங்கிள், இத ஒட்ட முடியுமா" என்று நின்றது நீங்கள்.

ஆனாலும் நீங்கள் இப்போது வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு நான் பலகை செய்வேன். எல்லோருக்கும் அனுப்பும் விவரத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எடை எவ்வளவு, எந்தக் கால் முன்னால், மூக்குக்கு நடப்பீர்களா அல்லது பின்னால் நின்று வளைத்துத் திருப்புவீர்களா, உங்கள் கரையில் அலை எந்த உயரம், உடம்பில் பழைய அடி ஏதாவது உண்டா? உண்மையை எழுதுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். லேசாக, ஒடுக்கமாக, ஆனால் மூக்கில் நிற்கிற மாதிரி என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பலகை கிடையாது. மூக்கில் நிற்க வேண்டுமானால் முன்பக்கம் அகலமாக, அடியில் குழிவாக, மொத்தமும் கனமாக இருக்க வேண்டும். லேசும் ஒடுக்கமும் சட்டென்று திருப்புகிறவர்களுக்கு. ஷேர் ஆட்டோவும் வேண்டும், அதுவே லாரியாகவும் இருக்க வேண்டும் என்றால் என்னால் ஆகாது.

ஐரின் யேசுதாஸ்


மணப்பாடு
21 ஜனவரி 2025

ஐரின்,

அப்பா பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தாய். பார்த்தேன்.

இழைப்புளி விஷயம் எனக்குத் தெரியாது. சிரிப்புத்தான் வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டித் திருத்தியிருப்பாய்.

விவரத்தாளை நிரப்பியிருக்கிறேன். எடை எழுபத்தெட்டு. இடது கால் முன்னால். மூக்குவரை நடப்பேன். அலை இடுப்பு உயரம், சில நாள் நெஞ்சு. உடம்பில் அடி எதுவும் இல்லை. போதுமா?

உன் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டாய். என் பக்கமும் இருக்கிறது. நீ செய்த பலகையை இந்தக் கரையில் யார் கண்ணில் காட்டியது? விடிகாலையில் எழுந்து, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்களை அதில் நிற்கவைத்துப் பழக்கியது யார்? நீ பட்டறையில் மாஸ்க் போட்டுக்கொண்டு யாரோடும் பேசமாட்டாய். கடைக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுவாய். பேசுகிற வேலையெல்லாம் என் தலையில். பேசுகிறவன் பெயர்தான் வெளியே தெரியும். அது என் குற்றமா?

மேடையில் நான் நிற்பது நம் இருவருக்கும் நல்லது. கோபத்தை வைத்துக்கொண்டு பலகையைக் கெடுத்துவிடாதே.

பெர்சி


அவனியாபுரம்
31 ஜனவரி 2025

பெர்சி அவர்களுக்கு,

பலகையைக் கெடுப்பேன் என்று எப்படி எழுத மனம் வந்தது? கோபம் உங்கள்மேல். பலகை என்ன செய்தது எனக்கு?

உங்கள் பழைய பலகையை நல்லகாமண்ணன் ஸ்டாண்டில் ஏற்றினார். கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த மெழுகை மெதுவாகச் சுரண்டினோம். முன்பக்கம் மூன்று அடிக்கு மெழுகு தேய்த்த அன்று இருந்தது போலவே முள்முள்ளாக இருந்தது. அங்கே யாரும் கால் வைத்து அரை வருஷமாவது இருக்கும். நடுவுக்குப் பின்னால் ஆழமாக இரண்டு குதிகால் பள்ளம். எழுபத்தெட்டுக் கிலோ ஆள் அப்படிப் பள்ளம் போடமாட்டார். அந்த இரண்டுக்கும் முன்னால் உருண்டையாக மூன்றாவதாக ஒரு பள்ளம். நான் விரல் வைத்துப் பார்த்தேன். அது பாதம் இல்லை, முழங்கால்.

நல்லகாமண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, நம்ம மாப்ள அலை மேல செபம் பண்ணிக்கிட்டா போறாரு?" என்றார். சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே தாவில் எழ முடியாமல், இடது முழங்காலை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறீர்கள். எப்போதிலிருந்து? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

போன வாரம் ஃபாயிஸா வந்தாள். உங்களிடம் விடுமுறையில் பழகுகிறாளே, காஜிமார் தெருப் பெண். அவளும் விவரத்தாள் நிரப்பினாள். நாற்பத்தொன்பது கிலோ என்று எழுதி, "பயமா இருந்தா ஒக்காந்துக்குவேன் அக்கா, அதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். அவளுக்குச் செய்கிற பலகையில் அவள் மூக்குவரை நடப்பாள். அவளிடம் கேளுங்கள், விவரத்தாளை எப்படி நிரப்புவது என்று.

உங்களுக்கு வேண்டியது ஒன்பதடி ஆறு அங்குலம். இருபத்து மூன்றரை அகலம். தடிமன் மூன்றேகாலுக்கு மேல். விளிம்பு உருண்டையாக, வால் அகலமாக, பின்னால் அடியில் மீன்துடுப்பு மாதிரி பெரிய ஒற்றை ஃபின். மெதுவாக எழுந்தாலும் பலகை காத்திருக்கும், ஆடாது. நடுவில் நின்று பெரிய வளைவாகத் திருப்பலாம். மூக்குக்கு நடக்கிற பலகை உங்களைத் தண்ணீரில் தள்ளும். எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மேடையில் சொல்லிக்கொள்ள ஒன்றா, ஏறி நிற்க ஒன்றா?

ஐரின்


மணப்பாடு
8 பிப்ரவரி 2025

ஐரின்,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் படித்தேன்.

எடை தொண்ணூற்றாறு. முழங்கால் போன ஆகஸ்டில் போனது. கோயிலுக்குக் கீழே இருக்கிற பாறையில் அடித்தது. சவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் ஆறு மாதம் கடலில் இறங்கக்கூடாது என்றார்கள். சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறவன் நொண்டி என்று தெரிந்தால் எவன் வருவான்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் அழுவாய், அழுதால் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீ பையை எடுத்துக்கொண்டு போன அன்று எழவில்லை என்று எழுதியிருந்தாய். அன்று முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, ஐரின். வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருந்தால் நீ பார்த்திருப்பாய். நீ போவதைவிட, நீ பார்த்துவிடுவாய் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான்.

நீ சொன்ன பலகையையே செய். உன் பெயர் மட்டும் வேண்டாம். ஸ்டிக்கருக்கு இடம் விடு. அந்த ஒன்றில் என் மானம் இருக்கிறது.

பெர்சி


அவனியாபுரம்
25 பிப்ரவரி 2025

பெர்சி,

வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்ததை இரண்டு தடவை படித்தேன். அந்த நாற்காலியை நான் ஆறு மாதமாகத் திட்டியிருக்கிறேன். முதலில் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். போட்டி முடிந்த மறுவாரமே.

பலகை தயார். இதுவரை செய்த நூற்றுப் பத்துப் பலகையில் இப்படி ஒன்று அமைந்ததில்லை. தெர்மோகோல் கட்டையை மூன்று நாள் இழைத்தேன், உப்புத்தாள் போட்டு மேலும் இரண்டு நாள். முழங்கால் ஊன்றுகிற இடத்தில் மட்டும் ஃபைபர் துணி ஒரு சுற்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன், வலிக்காமலிருக்க உள்ளங்கை அளவுக்கு லேசாகக் குழித்திருக்கிறேன். வெளியே பார்த்தால் தெரியாது. நல்லகாமண்ணன் அதைக் கண்மாயில் போட்டு மேலே ஏறி உட்கார்ந்து, "மெத்த கணக்கா இருக்கு தாயி, எறங்க மனசே வரல" என்றார்.

பெயர் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றீர்கள், தெரியும். அப்பா ஒவ்வொரு சொரூபத்துக்குள்ளும் பென்சிலால் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் மூடுவார். யாருக்கும் தெரியாது, மாதாவுக்குத் தெரியும் என்பார். எனக்கு அது போதவில்லை. நடுவில் நீங்கள் கேட்ட இடத்தில், கட்டையின் மேல் பென்சிலால் "ஐரின், அவனியாபுரம்" என்று எழுதி, அதன் மேல் ரெசின் ஊற்றியிருக்கிறேன். கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்ட அதற்குக் கீழே இடம் இருக்கிறது.

மேடையேறிப் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. யாராவது அந்தப் பெயரைப் பார்த்துக் கேட்டால், "இவள்தான் செய்தாள்" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் ஈஸ்டருக்கு வருகிறேன். பையோடு வருகிறேன். பட்டறையை நல்லகாமண்ணன் பார்த்துக்கொள்வார்.

பலகையை வெயிலில் போடாதீர்கள். இருண்ட நிறம் எதுவும் பூசாதீர்கள், முக்கியமாகக் கறுப்பு. வெயிலை இழுத்து உள்ளே தெர்மோகோல் வெந்து, மேல்தோல் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

ஐரின்


மணப்பாடு
13 மார்ச் 2025

என் அன்பு ஐரின்,

மூன்றாவது இடம். நொண்டிக் காலோடு மூன்றாவது இடம். உன் பலகை என்னைத் தொட்டிலில் போட்ட மாதிரி தூக்கிக்கொண்டு போனது. முழங்கால் விஷயம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இனி நீ சந்தோஷப்பட வேண்டிய சங்கதி. கேள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஸ்டிக்கர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நடுவில் ஒரு கறுப்புப் பட்டை அடித்திருந்தேன். உன் பெயர் அதற்குள் போய்விட்டது. மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் பலகையை நிறுத்திவைத்தார்கள். நீ சொன்ன மாதிரியே இரண்டாம் நாள் அந்த இடத்தில் தோசை அளவுக்கு ஒரு கொப்புளம். என் சுற்றுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பழுது பார்க்கும் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொப்புளத்தைச் சுற்றி ஃபாயிஸாதான் கறுப்பைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட உன் பெயர் வெளியே வந்தது. "சார், அக்கா பேரு" என்றாள்.

மைக் வைத்திருந்த ஆள் அங்கேயே நின்றிருந்தார். "யாருங்க இந்த ஐரின்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். கரை முழுக்கக் கேட்டது. எண்ணூறு பேராவது இருப்பார்கள். நீ எழுதியது ஞாபகம் வந்தது. சொன்னேன், ஐரின், உன் பெயரைச் சொன்னேன். "என் சம்சாரம். அவங்க பேர எழுதாம நான் ஒரு பலகையும் செய்யிறதில்ல" என்றேன்.

நீ கேட்டிருக்க வேண்டும் அந்தக் கைதட்டலை. ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஊரறிய உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டது அதுதானே?

இன்னும் கேள். மூன்று பேர் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அதே இடத்தில், அதே பென்சில் எழுத்தில், அவரவர் மனைவி பெயர் வேண்டுமாம். கனகா, ஆனிமேரி, பக்ருன்னிசா. நீதான் எழுத வேண்டும், உன் கையெழுத்து அழகு.

கொப்புளம் விழுந்த பலகையை லாரியில் அனுப்பியிருக்கிறேன். சரிசெய்து, ஈஸ்டருக்கு வரும்போது கையோடு கொண்டு வந்துவிடு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்
பெர்சி


அவனியாபுரம்
27 மார்ச் 2025

பெர்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஃபாயிஸா வந்துவிட்டாள். உள்ளே வராமல் பட்டறை வாசலிலேயே நின்றாள். "அக்கா, நீங்கதான் செஞ்சீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். வாயத் தொறக்கிறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் கைதட்டிட்டாங்க. பெறகு எப்பிடிச் சொல்றது?" என்று அழுதாள். அவளுக்கு இருபது வயது. அவள் பழி இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதிலும் இரண்டே சொல். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னீர்கள், அதையும் உங்கள் பெருமைக்கு நகையாகப் போட்டுக்கொண்டீர்கள். பெயரே இல்லாமல் இருந்தபோது நூற்றுப் பத்துப் பலகையும் யாரோ செய்தவை என்றாவது இருந்தன. இப்போது நீங்கள் செய்தவை, நான் அவற்றின் மேல் எழுதப்பட்டவள். எண்ணூறு பேர் சாட்சி.

முழங்காலுக்காக நான் அழுதேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக எரிகிறது.

மூன்று பேருக்கும் விவரத்தாள் வைத்திருக்கிறேன். நேராக எனக்கே எழுதச் சொல்லுங்கள். மனைவிமார் பெயரை அவரவர் வீட்டில் எழுதிக்கொள்ளட்டும். என் பலகையில் "செய்தவள் ஐரின் யேசுதாஸ்" என்று இருக்கும். வெறும் பெயரை மட்டும் எழுதியது என் தப்பு. மாதாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குப் போதும், எனக்குப் போதாது. வேண்டாம் என்கிறவர்கள் வேறு பலகை பார்த்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். மனைவியாகச் சொல்லவில்லை. அந்தக் காலோடு இன்னும் ஒரு சீசன் இறங்கினால் படியேறவும் முடியாது. சுண்ணாம்பு உங்களுக்காக அடித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு நான் வரவில்லை, அதற்கு அப்புறமும் வரவில்லை.

உங்கள் பலகை சரியாகிவிட்டது. நாளை லாரியில் வரும். கொப்புளம் இருந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்தால் போதும் என்றார் நல்லகாமண்ணன். நான் இன்னும் ஒரு சாண் தள்ளி அறுத்தேன். என் பெயர் இருந்த துண்டு என்னிடம் இருக்கிறது. புதுக் கட்டை வைத்து, துணி போட்டு, ரெசின் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறேன். ஒட்டுப் போட்ட அடையாளமே தெரியாது. நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டபடி ஸ்டிக்கருக்கு நடுவில் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது.

அடுத்த பலகைக்கு வேறு ஆளைப் பாருங்கள். அவரிடமாவது எடையைச் சரியாகச் சொல்லுங்கள்.

ஐரின் யேசுதாஸ்